கேண்டீன் அக்காவின் பதினொரு வாத்தியார்கள்

பள்ளிக்கூடக் கேண்டீனில் பன்னிரண்டு வருடமாகக் கரண்டி பிடிக்கிறவளைத் தலைமையாசிரியர் முதல் ஒன்பதாம் வகுப்புப் பொடிசு வரை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நானூறு பேருக்கு சூப் ஊற்றினாலும் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரு சொட்டு வித்தியாசம் இருக்காது. அப்படிப்பட்ட கை, கணக்குப் பரீட்சையில் மட்டும் தப்புத் தப்பாக எழுதும். பத்தாம் வகுப்பின் மற்ற பாடங்களையெல்லாம் தனியாக எழுதித் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள்.

இந்த முறையும் விட்டால் போச்சு. தலைமைச் சமையல்காரர் கோடை விடுமுறையோடு ஓய்வு பெறுகிறார். பத்தாவது முடித்திருந்தால் அந்த இடம் அக்காவுக்கு. இல்லையென்றால் வெளியாள் ஒருவர் வந்து, அவளுக்கே வெங்காயம் நறுக்கச் சொல்லித்தருவார். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மரங்கள் துளிர்த்து, பூந்தூளில் பாதிப் பள்ளிக்கூடம் தும்மிக்கொண்டிருந்த வாரத்தில் சமூக சேவை அட்டைகள் வந்து இறங்கின. ஒவ்வொருவரும் வருட முடிவுக்குள் இருபது மணி நேரம் பிறருக்கு உதவ வேண்டும். உதவி பெற்றவர் அட்டையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும்: எத்தனை மணி நேரம், உதவியவர் உங்களுக்கு என்ன உறவு, கையெழுத்து. பூங்காவில் களை பிடுங்கலாம், நூலக மேசைகளுக்கு அடியில் காய்ந்துபோன சூயிங்கத்தைச் சுரண்டலாம். யாருக்கு உடம்பு வளையும்? அக்கா கணக்குப் படிக்கிறாள் என்ற சேதி கசிந்ததும் கூட்டம் கேண்டீனை மொய்த்துவிட்டது. நிழல், நாற்காலி, போதாததற்குச் சூடான ரொட்டி. ஒரே வாரத்தில் அக்காவுக்குப் பதினொரு வாத்தியார்கள்.

ஆனால் அக்கா லேசுப்பட்டவள் இல்லை. புரிந்தால்தான் கையெழுத்து என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். கடைசி பெஞ்சு நெட்டையன் அரை மணி நேரம் ஏதோ உளறிவிட்டு அட்டையை நீட்டினான். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு, அந்த மூன்றாவது வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அவனுக்கே தெரியவில்லை. மறுநாள் அவன் கணக்கு ஆசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்டான். ஆசிரியர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

எல்லாம் ஓரளவுக்கு வசப்பட்டது. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்பது மட்டும் அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது.

"இல்லாததை இல்லாததால பெருக்கினா, இருக்கிறது எப்படிப்பா வரும்? பாத்திரம் காலி, கரண்டியும் காலி. சூப் எங்கேருந்து வரும்?"

இரண்டு முறை திரும்பி நின்றால் பழைய பக்கம்தானே பார்ப்போம் என்றான் நெட்டையன். கோடு போட்டு அதில் எண்களைக் குறித்துக் காட்டினாள் இன்னொரு வாத்தியாரான கண்ணாடிக்காரி. மற்றவர்கள், அது அப்படித்தான் அக்கா, நம்புங்க என்று கெஞ்சினார்கள். அந்தப் பாடத்துக்கு மட்டும் அவள் யாருக்கும் கையெழுத்துப் போடவில்லை.

இத்தனைக்கும் வகுப்பிலேயே கணக்கில் முதலாவதாக வருகிறவள் அவளுடைய சொந்த மகள். அதே பள்ளியில் பதினோராம் வகுப்பு. தன் அம்மா எல்லோருக்கும் மாணவியாகிவிட்டதில் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கேண்டீன் பக்கம் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே போவாள். சொல்லித்தா என்று அக்காவும் அவளைக் கேட்கவில்லை. கேட்டு அவள் மறுத்துவிட்டால் தாங்காது என்று பயந்தாள்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு நாள் மாலை, கேண்டீனைப் பூட்டும் நேரத்தில், அக்கா தட்டுகளை எண்ணிக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தாள். எண்ணி வைத்த மாதிரி தினமும் இரண்டு தட்டு காணாமல் போகும். வீட்டுக்குக் கிளம்பக் காத்திருந்த மகளின் கண்ணில் மேசைமேல் கிடந்த நோட்டு பட்டது. அழித்து அழித்துத் தாளே கிழிந்திருந்தது. அவள் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு நாளைக்கு ரெண்டு தட்டு குறையுதுல்ல? அதுதான் மைனஸ் ரெண்டு. இப்ப மூணு நாள் பின்னாடி போ. அது மைனஸ் மூணு. அன்னைக்கு இன்னிக்கு இருக்கிறதைவிட எத்தனை தட்டு கூட இருந்துச்சு?"

அக்கா விரல்களை மடக்கி எண்ணினாள்.

"ஆறு," என்றாள். மறுபடியும் எண்ணிப் பார்த்து, "அடிப்பாவி, ஆறு கூடத்தான் இருந்துச்சு," என்றாள்.

அன்றிலிருந்து பள்ளி நாள் தவறாமல் மாலையில் ஒரு மணி நேரம். சனிக்கிழமை மட்டும் மகள் சிநேகிதி வீட்டுக்கு என்று போய், நகமெல்லாம் அழுக்காகத் திரும்புவாள். அது என்ன வீடா, கரிச் சுரங்கமா என்று அக்கா கடிந்துகொள்வாள்.

பரீட்சை முடிவு வந்தது. ஐம்பத்தேழு மதிப்பெண், பாஸ். தலைமைச் சமையல்காரர் சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தார். பதினொரு வாத்தியார்களும் ஆளுக்கு ஒரு ரொட்டியோடு, இது தங்கள் வெற்றி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அக்கா மகளைப் பிடித்து உட்காரவைத்து, எல்லோருக்கும் போட்டேன், உனக்குத்தான் இன்னும் போடவில்லை என்று அட்டையைப் பிடுங்கினாள்.

அட்டையில் இருபது மணி நேரமும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. ஐந்து சனிக்கிழமை, நந்நான்கு மணி நேரம், நூலகரின் கையெழுத்து: சூயிங்கம் சுரண்டியது. அட்டையைத் திருப்பினால் பின்பக்கத்தில் பொடி எழுத்து. குடும்பத்தாருக்குச் செய்யும் உதவி சேவை நேரத்தில் சேராது.

"இது உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே படிச்சேன்மா."

"அப்புறம் ஏன்டி எனக்கு இருபத்தஞ்சு மணி நேரம்?"

மகள் ஜன்னலைப் பார்த்தாள். "நீ ஃபெயிலானா யாரோ ஒருத்தர் வந்து சூப்பைக் கெடுப்பாங்க. இன்னும் ஒரு வருஷம் அதை நான்தானே குடிக்கணும்."

இந்தப் பெண் தன்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று அக்கா எத்தனை நாள் மனதுக்குள் குமைந்திருக்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை எடுத்தாள். அட்டையின் அடியில் ஒரு வரி மிச்சம் இருந்தது. மணி என்ற கட்டத்தில் இருபத்தைந்து என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். நடுவில் உறவு என்ற கட்டம் காலியாக இருந்தது. கொஞ்சம் யோசித்து, 'டீச்சர்' என்று எழுதினாள்.