இரண்டு மூச்சுக் கார்

பெற்றோல் வாடை எனக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் வாடையும் ஆகாது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டும் சேர்ந்து என் மேல் ஏறின. அதற்குப் பிறகு தலைக்குக்கூட நான் எண்ணெய் வைப்பதில்லை.

தங்கச்சியைப் புசல்லாவையில் கட்டிக் கொடுத்திருந்தோம். கடைக்காரக் குடும்பம். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது எல்லார் வழக்கமும். அவளுடைய மாமி, மாப்பிள்ளையின் தாய், அனுப்ப மாட்டேன் என்று நேராகச் சொல்லவில்லை. "பஸ்ஸில அனுப்ப ஏலா. கார் கொண்டு வாங்க" என்றாள். கண்டியில் வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றேன். "அதில யார் யார் குந்தினாங்களோ" என்று மூக்கைச் சுளித்தாள். சொந்தக்காரர் காராக இருக்க வேண்டுமாம்.

அதற்குக் கெடுவும் வைத்தாள். எட்டாம் மாதத்தில் பயணம் ஆகாது. வெள்ளிக்கிழமையோடு ஏழு முடிகிறது. "மத்தியானம் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்ல முந்தி வந்தா கூட்டிப் போங்க. இல்லாட்டி இங்கேயே பெறட்டும்."

அந்த வீட்டு மூத்த மருமகளும் அங்கேயேதான் பெற்றாள். பின் அறையில். மருத்துவச்சியைப் பிந்திக் கூப்பிட்டார்கள். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த மையத்து அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். மாமி வந்தவர்களிடம் கோப்பி இனிப்புப் போதுமா என்று கேட்டுக்கொண்டு திரிந்தாள். பின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. பாயை இன்னும் எடுக்கவில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். என் தங்கச்சி அந்தப் பாயில் படுக்கக் கூடாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் ஊர் அலவத்துகொட. நான் பாக்கும் மிளகும் வாங்கி விற்கிறவன். வாப்பா இல்லை. சொந்தத்தில் கார் வைத்திருந்தவன் ஒரே ஆள். என் பெண்சாதிக்கு நானா, அதாவது அண்ணன். எனக்கு மச்சான்.

தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்ற கார் அது. பச்சை நிறம். மூக்கு நீளம். மற்றக் கார்களுக்குக் கார்புரேட்டர் ஒன்று. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான் அது. இந்தக் காருக்கு இரண்டு. இரண்டும் ஒரே அளவாக மூச்சு இழுக்க வேண்டும். ஒன்று கூடுதலாக இழுத்து மற்றது குறைய இழுத்தால் எஞ்சின் நொண்டும்.

இது நொண்டியது. மழைக்காலம் முழுக்கக் கொட்டிலில் நின்றது. மச்சான் அதற்காக விட்டுவிடவில்லை. பின்னேரத்தில் கோட்டுப் போட்டு, துருக்கித் தொப்பி வைத்து, ஓடாத காருக்குள் ஏறிக் குந்துவான். தேத்தண்ணியை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆட்கள் வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசுவான். பார்க்கச் சகிக்காது.

அவனிடம்தான் போய் நின்றேன்.

"தாரன் மச்சான். ஒங்கட தங்கச்சி எண்ட தங்கச்சி மாதிரி. ஆனா இது ஓடணுமே" என்றான்.

"கராஜுக்குக் குடுத்தா?"

"கண்டியில குடுத்தா வாரக்கணக்கா வெச்சிக்குவான். நீங்க லொறி ஓட்டினவர்தானே. நீங்களே பாருங்க. ஓடினாக் கொண்டு போங்க. நானும் வாரன்."

லொறி ஓட்டியிருக்கிறேன். பாக்கு மூட்டை ஏற்றி. எஞ்சின் மூடியைத் திறந்தது தண்ணீர் ஊற்ற மட்டும். ஆனாலும் வியாழக்கிழமை காலையில் தொடங்கினேன். வேறு வழி இல்லை.

துரையின் ட்ரைவர் மச்சானிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தது கொஞ்சம். ரப்பர் குழாயைக் காதில் வைத்து ஒவ்வொன்றின் மூச்சையும் கேட்க வேண்டும், கேட்டு ஸ்குரூவைத் திருக வேண்டும். மச்சான் அதைப் பெரிய இரகசியம் போல என் காதுக்குள் சொன்னான். அவன் வாயில் வெற்றிலை.

இரண்டையும் சேர்த்துப் பூட்டியிருந்த கம்பியைத் தளர்த்தினேன். கை வியர்த்தது. சாரனில் துடைத்தேன். திரும்ப வியர்த்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்தேன். மறு முனையை முன் கார்புரேட்டரின் வாயில் வைத்தேன். 'ஸ்ஸ்' என்று கேட்டது. பின்னதில் வைத்தேன். அங்கே சளி பிடித்தவன் தூங்குகிற சத்தம். பின்னதின் ஸ்குரூவைத் துளி திருகினேன். அது சரியானது, முன்னது கெட்டது. முன்னதைத் திருகினேன். எஞ்சின் செத்தது. முன்னால் போய்க் கைப்பிடி போட்டுச் சுற்றினேன். உதைத்தது. மணிக்கட்டு வீங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"காருக்குக் காது குத்துறாரு."

"இல்லடா. கார்தான் அவருக்குக் குத்துது."

மச்சானும் சேர்ந்து சிரித்தான். அவனுடைய கார்.

ஒவ்வொரு கார்புரேட்டரின் மேலும் மணி போல ஒரு மூடி உண்டு. அதற்குள் ஒரு சின்னப் பிஸ்டன். கத்தி நுனியால் அதைத் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். இரண்டும் விழுந்தன. இன்னொன்றும் கண்டேன். எஞ்சின் கொதிக்கிறது, கார்புரேட்டர் மட்டும் சில்லென்று இருக்கிறது. தண்ணீர்ப் பானை போல வெளியே வியர்க்கிறது. பெற்றோல் ஆவியாகிப் பறக்கிற இடம் குளிர்ந்து போகும் போல. அதைப் பெரிதாக யோசிக்கவில்லை.

பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லும்போது இரண்டும் ஒரே மூச்சு. குழாயை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. கம்பியைப் பூட்டினேன். பூட்டும்போது மூச்சு விடவும் பயம். றோட்டில் ஓட்டிப் பார்த்தேன். நொண்டவில்லை. "இனி யாரும் தொட வேணாம்" என்றேன். மச்சான் தலையை ஆட்டினான்.

வெள்ளிக்கிழமை விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்தேன். காரின் எஞ்சின் மூடி பளபளத்தது. மச்சானின் தலையும் பளபளத்தது. துடைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். ஏறினோம்.

கட்டுகஸ்தோட்டை, கண்டி, பேராதனை, கம்பளை. நல்ல ஓட்டம். மச்சான் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் கை காட்டினான். கம்பளை தாண்டி ஏற்றம் தொடங்கியது. பனியும் இறங்கியது. எஞ்சின் இருமியது. பின்னால் கறுப்புப் புகை. ஒரு வளைவில் நின்றே போனது.

மூடியைத் திறந்தேன். கத்தி நுனியால் பின்னதைத் தூக்கி விட்டேன். 'டக்'. முன்னதைத் தூக்கினேன். மேலேயே நின்றது. விழவில்லை.

"ஏன் மச்சான்?" என்றான்.

ஸ்குரூவைக் கழற்றி, மணியை எடுத்தேன். உள்ளே பிஸ்டனைச் சுற்றி வெள்ளையாக, ஆட்டுக் கொழுப்பு உறைந்த மாதிரி. விரலால் வழித்தேன். மூக்கில் வைத்தேன். தேங்காய் எண்ணெய். அதில் ஒரு தலைமயிர். நீளம் மச்சானுடைய நீளம்.

அவன் முகத்தைப் பார்த்தேன்.

"வழுக்கிப் போகட்டும் எண்டுதான்" என்றான். "நல்ல காரியத்துக்குப் போறோம். காலையில மூடிய மினுக்கினன். அப்பிடியே தொறந்து முன்னதுக்குள்ள கொஞ்சம் போட்டன். வீட்டுல தையல் மெசினுக்கு, பூட்டுக்கு, குடைக்கு எல்லாத்துக்கும் அதுதானே போடுற."

"எந்த எண்ணெய்?"

"தலைக்குத் தேச்சன். உள்ளங்கையில மிச்சம் இருந்திச்சு."

"பின்னதுக்கு?"

"அதுக்குள்ள நீங்க பள்ளியில இருந்து வந்திட்டீங்க."

காலையில் போத்தலில் எண்ணெய் உறைந்திருந்ததாம். அவன் பெண்சாதி அடுப்பில் காட்டி உருக்கிக் கொடுத்தாளாம். அதையும் அவனே சொன்னான். உறையும் என்று தெரிந்த எண்ணெய். குளிர்ந்து வியர்க்கிற சாமானுக்குள். குளிர்ந்த ஊருக்குப் போகிற நாளில். எனக்குக் கோபம் வரவில்லை. விரலை ஓரத்துப் புல்லில் தேய்த்தேன்.

துடைக்கத் துணி வேண்டும். அவன் கோட்டுப் பையில் கைக்குட்டை, பட்டு லேஞ்சி, இருந்தது. கையை நீட்டினேன்.

"இது பட்டு, மச்சான்."

கையை எடுக்கவில்லை. கொடுத்தான்.

துடைத்தால் போகவில்லை. பெற்றோல் விட்டுக் கழுவ வேண்டும். பெற்றோல் எடுக்க இருந்தது அதே ரப்பர் குழாய்தான். முதல் நாள் முழுக்க என் காதுக்குள் கிடந்தது. அதைப் பெற்றோல் தாங்கிக்குள் விட்டு வாயால் இழுத்தேன். வாய் நிறைய வந்தது. காதழுக்கும் பெற்றோலும். துப்பினேன். தொண்டை எரிந்தது. ஏப்பம் ஏப்பமாக வந்தது.

தோட்டத்து ஆட்கள் கூடையோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். குடை பிடித்த கங்காணி நின்றார்.

"என்னாங்க, வண்டிக்குத் தடுமலா?"

"ரெண்டு மூக்கு இருக்குதுங்க அதுக்கு" என்றாள் கூட வந்த பெண். "ஒண்ணு அடைச்சுக்கிச்சு போல."

"ஆவி புடிக்கச் சொல்லு."

"தள்ளி விடுறோமுங்க. கம்பளைக்குத் தானா உருண்டு போயிரும்."

சிரித்துக்கொண்டே போனார்கள். மச்சான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மறு பக்கம் பார்த்தான்.

கழுவிப் பூட்டினேன். தூக்கி விட்டேன். 'டக்'. ஆனால் கழற்றிப் பூட்டியதில் முதல் நாள் வைத்த அளவு போய்விட்டது. திரும்பக் குழாய். திரும்பக் காது. உள்ளே தங்கியிருந்த பெற்றோல் காதுக்குள் வடிந்தது. நெருப்பு வைத்த மாதிரி. கண்ணீர் வந்தது. அந்தக் காது கேட்கவில்லை. மற்றக் காதுக்கு மாற்றினேன். முதல் நாள் பயம் காரைக் கெடுத்துவிடுவேனோ என்று. இப்போது அந்தப் பின் அறைப் பாயின் பயம். பனி விலகி வெயில் வந்துவிட்டது. துளி திருகு. கேள். மற்றதைத் திருகு. கேள். எஞ்சின் செத்தால் சுற்று. வீங்கிய கையால் சுற்றினேன்.

"ஜும்ஆவும் தவறப் போகுது" என்றான் மச்சான்.

ஒரு வழியாக இரண்டும் ஒரே மூச்சுக்கு வந்தன. கம்பியைப் பூட்டினேன். "ஏறு" என்றேன். அவனை நான் அப்படிப் பேசியதில்லை. ஏறினான்.

புசல்லாவைக் கடைவீதியில் ஆட்கள் தொப்பியோடு பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பாங்கு இன்னும் சொல்லவில்லை. வாசலில் நிறுத்தினேன். எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஓடுமோ என்று பயம்.

மாமி கதவடியில் வந்து நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். என் கை கறுப்பு. சாரன் கறுப்பு. வாய் நாறியது.

"நேரத்துக்கு வந்தது சரிதான்" என்றாள். "ஆனா இந்த நாத்தத்தில புள்ளத்தாச்சிய ஏத்த ஏலுமா? வாடை வயித்தில புடிக்கும். எறங்கிச் சாப்பிட்டுப் போங்க. அவ இங்கேயே இருக்கட்டும்."

"சொன்ன மாதிரிக் கார் வந்திருக்கு" என்றேன்.

"காரக் கொண்டு வரச் சொன்னா, கராஜக் கொண்டு வந்திருக்கிறீங்க."

தங்கச்சி மாப்பிள்ளை உள்ளே தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பள்ளிக்குப் போக வேண்டும் அவனுக்கு. அதுதான் அவன் கவலை. நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமிக்கும் அது தெரியும். கேட்கிற காதால் எஞ்சினைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு மூச்சும் ஒன்றாகத்தான் இருந்தன.

மாமிக்குப் பின்னால் தங்கச்சி வந்தாள். தலையை மூடி, கையில் பெட்டியோடு. எப்போதிருந்து அப்படி நின்றாளோ. அவளுக்கும் வாடை அடித்தது. முகம் வெளுத்தது. மாமியின் கழுவிய படியில் குனிந்து சத்தி எடுத்தாள். நிறைய.

"பாத்தீங்களா" என்றாள் மாமி.

தங்கச்சி வாயைத் துடைத்தாள். "எடுக்கிறது எடுத்தாச்சு மாமி. இனி வாடை ஒண்டும் செய்யாது." படியைத் தாண்டி இறங்கினாள். "போவம், நானா."

பெட்டியை வாங்கினேன். அவள் ஏறும்போது பள்ளியில் பாங்கு தொடங்கியது. மாமி படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறக்கத்தில் மச்சான் தொப்பியைத் திரும்ப வைத்தான். கம்பளை வந்ததும், கண்டிக் குளத்தைச் சுற்றிப் போவோமா, தங்கச்சி பார்க்கட்டும் என்றான். நேரே ஓட்டினேன்.

பின்னால் இருந்து தங்கச்சி சொன்னாள். "பின் அறையக் கழுவிட்டாங்க, நானா. நேத்தே புதுப் பாய் விரிச்சு வெச்சிட்டாங்க."

வாயில் பெற்றோல் இன்னும் இருந்தது. வெளியே துப்பினேன்.

பிள்ளை அலவத்துகொடயில் பிறந்தது. மருத்துவச்சி முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். மாமி பிள்ளை பார்க்க வந்தாள். பஸ்ஸில் வந்தாள்.