கீழ்த்தளம் உலகம்மாளுக்கு

கலைமதிக்கு வல்லம் வடகாலிலும் ஒரகடம் பக்கத்திலுமாக இன்று இருபத்தெட்டு வாடகை அறைகள். இப்படி எழுதியதைப் பார்த்தால் அவளே என்னோடு சண்டைக்கு வருவாள், ஏனென்றால் அதில் பாதி உலகம்மாளுடையது. அந்தப் பாதி போகாமல் நின்ற கதை எனக்கு முழுசாகத் தெரியும். நான் ஸ்ரீபெரும்புதூரில் பத்திரம் எழுதுகிறவன். கூட்டு என்று சிரித்துக்கொண்டே என் கடைக்குள் நுழைந்து, அப்புறம் ஆளுக்கொரு வக்கீலோடு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். யார் சிரித்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

கலைமதி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே ஊர். அப்பாவின் நெல் நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. ரோட்டை ஒட்டி மிஞ்சிய பன்னிரண்டு சென்ட் அவள் பெயருக்கு வந்தது. கணவர் வசந்தகுமார் ஷிப்ட் மாறி மாறி வேலைக்குப் போகிறவர். எதைக் கேட்டாலும் "நீ இன்னா சொல்றியோ அதான்" என்பார். அது பெருந்தன்மையா தூக்கக் கலக்கமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உலகம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மகனுக்கு இங்கே வேலை கிடைத்ததும் கூடவே வந்தவர். மகன் ஓசூருக்கு மாறிப் போனபோதும் இவர் அசையவில்லை. வல்லத்தில் மெஸ் நடத்துகிறார். தெற்கேயிருந்து வந்து வேலை பார்க்கும் பையன்கள் தினம் நூறு பேராவது அங்கே சாப்பிடுகிறார்கள். யாரை நம்பி அறை கொடுக்கலாம் என்பதை அவன் தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். சோற்றைப் பிசைந்துவிட்டு பாதியில் எழுந்து போகிறவன் அறையையும் சொல்லாமல் காலி செய்வான் என்பது அவருடைய கணக்கு. நான் பார்த்தவரை அது தப்பியதில்லை.

கலைமதி அப்போது ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருந்தாள். மதியச் சாப்பாடு அந்த மெஸ்ஸில்தான். பேச்சு அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

"எடத்த சும்மா போட்டு வச்சிகினு இன்னாக்கா பண்றது? லோன் கேட்டா நடையா நடக்க வுடறாங்க."

"எங்கிட்ட கொஞ்சம் கெடக்குட்டி. குடியிருக்க நம்ம பயலுவ இருக்கானுவ. ரெண்டு பேரும் சேந்து கட்டுவமா?"

கீழே ஆறு, மேலே ஆறு, மொத்தம் பன்னிரண்டு அறை என்று முடிவு செய்துகொண்டு என்னிடம் வந்தார்கள். வருகிற வாடகை அத்தனையையும் ஒன்றாகப் போட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கலைமதி ஒத்துக்கொள்ளவே இல்லை. அவள் அப்பாவும் சித்தப்பாக்களும் சேர்ந்து பயிர் வைத்து, சேர்ந்தே சண்டை போட்டு, நிலத்தைப் பதினோரு வருடம் தரிசாகப் போட்டவர்கள்.

"அவுங்கவுங்க பாகம் அவுங்கவுங்களுக்குண்ணா. அண்ணன் தம்பி நெலம் பிரிக்கிற மாரி சீட்டுப் போட்டு எடுத்துக்கலாம். அப்பதான் மனஸ்தாபம் வராது."

"இது கூட்டும்மா. பாகப்பிரிவினை இல்ல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். காசு கொடுப்பது அவர்கள், நான் எழுதினேன். இரண்டு துண்டுக் காகிதத்தில் 'மேல்', 'கீழ்' என்று எழுதி, மடித்து, கடையிலிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டேன். கலைமதி எடுத்தாள். மேல் வந்தது. அப்படியே பெருமூச்சு விட்டாள். மாடி என்றால் காற்று வரும், அந்தச் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் மூளை.

விஷயம் வேறு. அந்த இடம் தாழ்வு. கார்த்திகை மழைக்கு முட்டிவரை தண்ணீர் நிற்கும். ஊரில் அதற்குப் பெயரே பள்ளக்கழனி. பத்திரத்தில் சர்வே எண்தான் இருக்கும், ஊர் வைத்த பெயர் இருக்காது. வெளியூர்க்காரரான உலகம்மாளுக்கு அது தெரிய வழியில்லை. கலைமதிக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். இரண்டடி உயர்த்திக் கட்டினால் ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. ஓர் அறைகூடக் காலியாகக் கிடக்கவில்லை. ஒரகடம் பக்கத்தில் பரசுராமன் என்பவர், மனை தன்னுடையது, கட்டடம் உங்களுடையது, வருவதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று தானே தேடி வந்தார். பதினாறு அறை கட்டலாம். உலகம்மாளின் பணமும் அவர் சேர்த்துவிடும் ஆட்களும் இல்லாமல் கலைமதியால் அதைத் தொடவே முடியாது.

அந்த வருடம் டிசம்பர் முதல் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்று டிவி கத்திக்கொண்டிருந்த வாரம். பக்கத்தில் புதிதாகப் போட்ட ரோடு மேடாகிவிட, தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்துவிட்டது. கீழ் அறைகளில் மூன்று நாள் முட்டிவரை நின்றது. பையன்கள் பெட்டி படுக்கையோடு மாடிக்கு ஏறினார்கள். ஆளுக்கு இவ்வளவு என்றுதான் வாடகை. அதனால் ஓர் அறையில் நான்கு பேர் இருந்த இடத்தில் ஏழு பேர் ஆனதும் கலைமதிக்கு வரவு கூடியது. உலகம்மாளுக்கு ஒன்றுமில்லை. அதோடு கீழே தரையைப் பெயர்த்து உயர்த்தும் செலவும், நான் எழுதிய பத்திரப்படி, அவர் தலையில்தான்.

உலகம்மாள் அந்த இடத்தைப் பற்றிக் கலைமதியிடம் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல கலைமதிக்குச் சாப்பாடு போட்டார், குழம்பு போதுமா என்று கேட்டார். அதுதான் கலைமதியைத் தின்றுவிட்டது. மூன்று வாரம் தாக்குப்பிடித்தாள். பிறகு உலகம்மாளை அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"எல்லாத்தையும் ஒண்ணாக்கி எழுதுண்ணா. பன்னெண்டு ரூமும் ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. கீழ ஆவுற செலவும் பாதி."

உலகம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு? சீட்டுப் போட்டுத்தான எடுத்தோம்? எனக்குக் கீழ விழுந்துச்சு, நான் பாத்துக்கிடுதேன். நீ என்ன எனக்குப் பிச்ச போடுதியா?"

"பிச்ச இல்லக்கா." கலைமதி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியும். அது பள்ளக்கழனி. சின்ன வயசுல மழ வந்தா அங்கதான் மீன் புடிச்சிகினு இருப்போம். சீட்டு எடுக்கசொல்ல மேல வரணும்னு வேண்டிக்கினேன். உன்னாண்ட சொல்லல."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. என் கடையில், என் பிள்ளையார் முன்னால்! நன்றாக நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். உலகம்மாள் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"தெரியும்ட்டி."

கலைமதி நிமிர்ந்தாள்.

"தண்ணி வந்த மறுநாளே உங்க சித்தப்பா சாப்பிட வந்தாரு. பள்ளக்கழனியில கட்டுனா வேற என்ன நடக்கும்னு சொல்லிட்டு, ரெண்டு தடவ ரசம் வாங்கிக் குடிச்சிட்டுப் போனாரு."

"அப்ப ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல? இத்தினி நாளா எனக்கு சோறு போட்டுகினு…"

"கேட்டிருந்தா ஆமான்னு சொல்லிருப்பே. அதுல எனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? நீயா வந்து சொல்லுதியான்னு பாத்தேன். மாசம் முடியுற வரைக்கும் சொல்லலன்னா, போட்ட பணத்த வாங்கிட்டு ஊருக்கு பஸ் ஏறிரணும்னு முடிவு பண்ணிட்டேன்."

கலைமதி என் கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தேதி இருபத்தேழு.

கலைமதி அழ ஆரம்பித்துவிட்டாள். உலகம்மாள் அவளைத் தேற்றவெல்லாம் இல்லை. தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சீக்கிரம் எழுதுங்க சார். பரசுராமன் மனையப் பாக்கப் போகணும்."