யாரும் கழற்றாத ஆயில் ரிங்

கட்டுப்பாட்டு வகுப்பு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் எஞ்சினைத் தொடவே கூடாது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தொடலாம்; மாற்றக்கூடாது. பிஸ்டன், ரிங், கார்புரேட்டர் எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருக்க வேண்டும். எதையும் அரத்தால் அராவி உலோகத்தை எடுக்கக்கூடாது. எனவே அந்த வகுப்பில் ஓடுகிறவர்கள் புதிதாக வேகத்தை உண்டாக்க முடியாது, வீணாவதைக் குறைக்கத்தான் முடியும். எஞ்சினில் வீணாவதில் பெரும்பங்கு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டர் சுவரை உரசுவதில் போகிறது.

இதை எனக்குச் சொன்னவன் என் கல்லூரி வகுப்புத் தோழன். உத்தமபாளையத்தில், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோர் பட்டறை வைத்திருக்கிறான். என் தம்பியின் பந்தய வண்டிக்கு எஞ்சின் கட்டியவனும் அவன்தான். நான் தேனியில் நிருபராகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு விலகியிருந்தேன். காலை நேரம் சும்மா கிடந்தது. பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் ஜெயிக்கிறவருக்கு அடுத்த ஆண்டு ஓட்ட வண்டி தருவதாக ஒரு டீம் சொல்லியிருந்தது. தம்பிக்கு அது வேண்டும். தயாரிப்பில் எனக்கும் ஒரு வேலை கேட்டேன்.

அளக்கும் வேலை கிடைத்தது. ஒரே எண், ஒரே டப்பா என்றாலும் ஒவ்வொரு செட் ரிங்கும் சுவரை ஒரே பலத்தோடு அழுத்துவதில்லை. சில இறுக்கம், சில இளக்கம். இளக்கமானதைத் தேர்ந்தெடுப்பது விதிக்கு உட்பட்டது. தேனி பஜாரில் எங்களுக்குப் பழக்கமான ஸ்பேர்ஸ் கடைக்காரர் ஒரு பை நிறைய ரிங் டப்பாக்களைத் தூக்கிக் கொடுப்பார். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் துடைத்து, அதே டப்பாவில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தவர்களுக்கு மட்டும் உள்ள ஏற்பாடு அது.

சிலிண்டரை வைஸ் இடுக்கியில் கவிழ்த்துப் பிடித்து, சுவரில் ஒரே அளவு எண்ணெய் தடவி, ரிங் மாட்டிய பிஸ்டனை உள்ளே விட்டு, கொக்கித் தராசால் மெல்ல இழுப்பேன். திராட்சை வியாபாரிகள் தோட்டத்துக்கு எடுத்துப் போகும் சாதாரணத் தராசு. நகரத் தொடங்கும்போது காட்டுவதை விட்டுவிட்டு, நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டுவதைப் பார்ப்பேன். வெயில் ஏறினால் எண்ணெய் இளகி அளவு மாறும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுவேன். ஒவ்வொன்றையும் மறுநாள் இன்னொரு முறை. ஒரு தகவலை இரண்டு இடத்தில் கேட்கிற பழக்கம் எனக்கு விடவில்லை. கடைசியில் மற்ற எல்லாவற்றையும்விட லேசாக வழுக்கிய ஒரு செட் கிடைத்தது. அதை வகுப்புத் தோழன் எஞ்சினில் பூட்டினான்.

பந்தயம் கோவைக்கு வெளியே ஒரு மண் டிராக்கில் நடந்தது. தம்பி ஜெயித்தான். இரண்டாவதாக வந்த தேவதானப்பட்டிக்காரர் எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஆட்சேபம் கொடுத்தார். அதிகாரிகள் சிலிண்டரைக் கழற்றினார்கள். விட்டம் சரி. பிஸ்டன் சரி. மேலே உள்ள இரண்டு ரிங்கும் சரி. மூன்றாவது, கீழே உள்ள, சுவரிலிருந்து எண்ணெயை வழித்துவிடும் ஆயில் ரிங். அதைச் சுவரோடு அழுத்த உள்ளே அலை அலையாக ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதையும் கழற்ற வேண்டுமா என்று ஆட்சேபம் கொடுத்தவரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். அந்த ரிங் ஒவ்வொன்றையும் நானே அளந்தேன், அரம் எதுவும் படவில்லை என்று எல்லார் முன்பும் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். முடிவு உறுதியானது.

சில வாரம் கழித்து பஜாருக்குப் போனபோது ஸ்பேர்ஸ் கடைக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்கிறாதீகக்கா. நீங்க திருப்பிக் குடுத்ததுல ஒரு செட்டு கோம்பைக்காரரு ஒருத்தரு வண்டிக்குப் போச்சு. கொசு மருந்து அடிக்கிற வண்டி கணக்காப் புகையுதாம். தெருவுல பிள்ளைக பின்னாடியே ஓடுதாம்."

மெக்கானிக் கழற்றித் தந்த ஆயில் ரிங்கை மேசையில் வைத்தார். புதிய டப்பா ஒன்றை உடைத்து அதிலிருந்த ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வைத்தார். பழையது ஒரு மயிரிழை குட்டை. இரண்டு முனையிலும் அரம் இழுத்த கோடு, பளபளப்பாக. ஸ்பிரிங் குட்டையானால் ரிங் சுவரை அழுத்தாது. உரசல் பெரிதும் குறையும், எண்ணெய் மேலேறிப் புகையும். ஒரு பந்தயம் தாங்கும். அன்றாடம் ஓடும் வண்டி தாங்காது.

இரண்டு ஸ்பிரிங்கையும் எடுத்துக்கொண்டு நேரே உத்தமபாளையம் போனேன். பட்டறையில் வகுப்புத் தோழனும் தம்பியும் இருந்தார்கள். கையை விரித்துக் காட்டினேன்.

"அட, அந்த டப்பாவுலயா கெடந்துச்சு" என்றான் வகுப்புத் தோழன். "எங்கனயோ மாறிப்போச்சுன்னு தேடிக்கிட்டிருந்தேன்."

எவ்வளவு அராவலாம் என்று அவன் முதலில் அராவிப் பார்த்த ஸ்பிரிங்காம் அது. பந்தய எஞ்சினில் இருந்ததும் அப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றான். நான் அளந்து எடுத்த செட்தான், பூட்டுவதற்கு முன் அதன் ஸ்பிரிங் முனையைத் தான் அராவியதாகச் சொன்னான். என் வேலை வீணில்லை, அதிலும் கொஞ்சம் லாபம் இருந்தது, ஜெயிக்க மட்டும் பத்தவில்லை என்று விளக்கினான். ஒரு வாடிக்கையாளரிடம் பேசுகிற பொறுமையோடு விளக்கினான்.

தம்பி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அங்கன நின்னு அப்படிப் பேசியிருப்பியாக்கா? உனக்குப் பொய் வராது. நீ நெசமா நம்பிச் சொன்னாத்தான் அவுக விடுவாக."

அப்போதுதான் கணக்கு முழுதாகப் புரிந்தது. அந்தக் காலைகளில் தராசைப் பிடித்து நான் அளந்தது எஞ்சினுக்காக இல்லை. ஆட்சேபம் வந்தால் எழுந்து நின்று பேச ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஆளுக்கு உண்மையான ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் உள்பக்கத்தில் திருத்தம் போடுவோம். இங்கே அப்படி ஒரு பக்கம் இல்லை. பட்டறைக்குள் நின்றபடியே தேவதானப்பட்டிக்காரருக்குப் போன் செய்தேன். "அக்கா, வேணாம்" என்றான் தம்பி. ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் அராவப்பட்டிருந்தது, அன்று நான் சொன்னது தவறு என்று அவரிடம் சொன்னேன்.

அவர் சொன்னார்:

"ஆக்சிலேட்டர விடுறப்ப வண்டி நீலமாப் புகைஞ்சுச்சுக்கா. பின்னாடியே வந்தேன், பாத்தேன். நீங்க அப்படிச் சொல்லவும் எங் கண்ணுதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டேன்."

பிறகு அவரே கேட்டார்.

"நீங்க பேசுறது தம்பிக்குத் தெரியுமா?"

"எதிர்லதான் நிக்கிறான்" என்றேன்.

போனை வைத்ததும் பந்தய அமைப்பாளரின் எண்ணைத் தேடத் தொடங்கினேன். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, நான் தேடி முடிக்கும்வரை அங்கேயே நின்றான்.