ஒரு பக்கக் கைப்பிடி

என் இடது செருப்பு சாலையிலேயே நின்றுவிட்டது. நான் மட்டும் நடந்துகொண்டிருந்தேன். மீன் விற்கும் பெண் பின்னாலிருந்து "மேடம், செருப்பு!" என்று கத்திய பிறகுதான் திரும்பினேன். காலில் சரளைக்கல் குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. வலிக்காத ஒன்றுக்காக யார் மருத்துவரிடம் போவார்கள்? வீட்டுக்கு வந்து தோசைக்கு மாவு கரைத்தேன். இதைப் படிப்பவர்கள் மாவைக் கரைக்க வேண்டாம். ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

மாலைக்குள் இடது கையும் போயிற்று. பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பாதி செயலிழப்பது) என்றார்கள். நான் திருவனந்தபுரத்தில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தக் கோப்பு எந்த மேசையில் உறங்கும், அதை எழுப்புவது எப்படி என்பதெல்லாம் தெரியும். மருத்துவமனை நடைக்கூடத்தில் என் கணவர் சக்கர நாற்காலி கேட்டார். ரசீது காட்டினால் தருவோம், ரசீது மாடியில், நோயாளி நேரில் வர வேண்டும் என்றார்கள். நம் ஆட்கள்தான் என்று எனக்குப் புரிந்தது.

வீடு திரும்பியதும் பிசியோதெரபி (தசைகளுக்கு மீண்டும் வேலை பழக்கும் பயிற்சி) தொடங்கியது. கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். அரசாங்கத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் இவ்வளவு பயனற்ற வேலையை நான் செய்ததில்லை. பயிற்சி தர வந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பந்து பிடிக்கலன்னா மண்ணைப் பிசைங்க மேடம். கைக்கு எல்லாம் ஒண்ணுதான்."

என் கணவருக்கு வேறு யோசனை இருந்தது. "சாரதா, ஓணம் கழிஞ்சதும் கழக்கூட்டத்துக்கே போயிரலாம். மக அவ பிளாட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நாலாவது மாடின்னாலும் லிஃப்ட் இருக்கு."

"லிஃப்ட்ல இறங்கி எங்க போறது?"

"உனக்கு இனி எங்க போகணும்?"

அவர் கொடுமைக்காரர் அல்ல. அவருக்கு முழங்கால் தேய்மானம். என்னைத் தாங்கி நடக்க அவரால் முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஓணத்துக்குள் யாரும் தாங்கிப் பிடிக்காமல் நான் வெளியே போய்த் திரும்பினால் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் கழக்கூட்டம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் தெருக்கோடியில் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு மேட்டு நிலம் இருந்தது. 'பூங்கா' என்று பலகை வைத்து, கம்யூனிஸ்ட் பச்சை என்று இங்கே அழைக்கப்படும் களையை வளர்த்து வந்தார்கள். அங்கே குனியாமல் நின்றோ நாற்காலியில் இருந்தோ வேலை செய்ய இடுப்பளவு உயரத்தில் பாத்திகள், படிக்குப் பதில் சாய்தளம், அதற்கு இருபுறமும் கைப்பிடி வேண்டும் என்று கேட்டேன். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கும் ஜான்சன் சார் ஆமோதித்தார். பாறசாலைப் பக்கத்துத் தமிழர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள், பழம்பொரி என்னும் வாழைப்பழ பஜ்ஜி தின்றார்கள், ஒப்புதல் தந்தார்கள். இரண்டாவது கைப்பிடியை மட்டும் 'பின்னீடு', அதாவது பிறகு, பார்க்கலாம் என்றார் செயலாளர் மாதவன் நாயர்.

சாய்தளம் வந்தது. பார்த்து அதிர்ந்தேன். நல்ல வீட்டு வராந்தாவுக்குப் போடுவதுபோல் சிவப்பு ஆக்சைடு பூசி, பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். கொத்தனாரைப் பக்கத்தில் நின்று தேய்க்க வைத்தவர் செயலாளர்தான். "மேடம், கண்டோ? முகம் நோக்காம்!" என்றார் பூரிப்போடு. முகம் தெரிந்தது உண்மைதான். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, அப்போதுதான் பிடித்திருந்தது.

ஜான்சன் சாரின் மனைவி நாற்காலியைப் பாதி தூரம் தள்ளியிருப்பார். அது அவரையும் இழுத்துக்கொண்டு கீழே வந்தது. நல்லவேளை, வேலியில் மோதி நின்றது.

"மேடம், இது ஏறதுக்கு உள்ள சாய்வா, பிள்ளைய சறுக்கி வெளையாடதுக்கா?" என்றார் ஜான்சன் சார், சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டியபடி.

அந்தப் பளபளப்பைக் கொத்திவிடச் சொன்னேன். உளி விழுந்த ஒவ்வொரு முறையும் செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். "என்றெ வீட்டு வராந்தாக்குகூட இந்த பினிஷிங் இல்ல." துக்க வீட்டில் நிற்பவர்போல நின்றார். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

பிறகு தோட்டம் தோட்டமாயிற்று. சிவப்புக் கீரையும் வெண்டையும் வந்தன. மூட்டுவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், வீட்டில் பேச ஆளில்லாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் செடிக்குத் தண்ணீர் அதிகம் என்றார்கள். வலது கையால் இடது கையைத் தூக்கி மண்ணில் வைப்பேன். அது அங்கே இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் பார்க்காமலே மண்ணின் ஈரம் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயம்.

ஆனால் ஒற்றைக் கைப்பிடி என்னைத் தோற்கடித்தது. ஏறும்போது அது என் வலப்புறம், பிடித்து ஏறிவிடலாம். இறங்கத் திரும்பினால் அதே கைப்பிடி செயலிழந்த இடக்கைப் பக்கம் வந்துவிடும். தினமும் கணவர் வந்து இறக்கிவிட வேண்டியிருந்தது. செயலாளரிடம் விளக்கினேன். "கேறான் பற்றுன்னுண்டல்லோ?" ஏற முடிகிறதல்லவா என்றார். இறங்குவது அவரைப் பொறுத்தவரை வேறு துறை.

ஓணத்துக்குச் சில நாட்களே இருந்தன. கழக்கூட்டத்து வீட்டைப் பார்க்கப் போன கணவர், மறுநாள் திடீர் ஹர்த்தாலில் (முழு அடைப்பு) அங்கேயே மாட்டிக்கொண்டார். தெருவில் வண்டி எதுவும் இல்லை. தடியை ஊன்றித் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன், ஏறினேன், கீரை பறித்தேன். வானம் இருட்டியது. சாய்தளத்தின் தலைப்பில் வந்து நின்றேன். கீழே ஜான்சன் சார் நாற்காலியில் இருந்தார். வீட்டுக்குக் கிளம்ப, மனைவி குடை எடுத்து வரக் காத்திருந்தார்.

"என்னம்மா, பஸ்ஸுக்கு நிக்கியளா?"

"இறங்க முடியல சார்."

"எங்களை எப்பிடி எறக்குதாவ? ரிவர்ஸ்லதான? நீங்களும் ரிவர்ஸ் எடுங்க. நான் வலம் இடம் சொல்லுதேன்."

தடியை முழங்கையில் மாட்டினேன். தோட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். கைப்பிடி மீண்டும் என் வலக்கைக்கு வந்துவிட்டது. பின்புறமாக ஒவ்வொரு அடியாக இறங்கினேன். "நேரா வாங்க, நேரா வாங்க... ஆ, போதும், பிரேக்!" கீழே வந்து சேர்ந்தேன். அவர் கை தட்டினார்.

கணவர் வந்து, "யாரு புடிச்சா?" என்றார். யாரும் இல்லை என்றால் நம்பவில்லை. மறுநாள் நேரில் பார்த்தார். இரு கையையும் நீட்டியபடி கீழே நின்றவரைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். நின்றார். ஓணம் வந்து போயிற்று. கழக்கூட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை. மகளிடம் தொலைபேசியில் மட்டும், "உங்கம்மா பின்னால நடக்கப் படிச்சிட்டா" என்றார்.

இரண்டாவது கைப்பிடி இன்னும் சங்கத்தின் பரிசீலனையில் இருக்கிறது. வந்தால் நல்லது, உங்கள் ஊரில் கட்டினால் தொடக்கத்திலேயே இரண்டாகக் கேளுங்கள். நான் இப்போதும் தோட்டத்தைப் பார்த்தபடியே இறங்குகிறேன். முதலில் கீரை கண்ணுக்கு மேலே போகிறது, பிறகு பாத்தியின் சுவர். போகும் இடம் தெரிவதில்லை. இடது பாதம் தரையைத் தொட்டுவிட்டதை எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் சொல்கிறது. அது சொல்லும்வரை நிற்கிறேன். சொன்ன பிறகு அடுத்த அடி.