தலை நிறையப் பாம்போடு ஒரு காதல் கவிதை

இன்று கொம்தார் பஸ் நிறுத்தத்தில் என் வகுப்புத் தோழன் குகனின் காதல் செத்துப்போனது. கொன்றது நான்தான்.

தர்ஷினிக்குக் கவிதை எழுத நேற்று என்னிடம் யோசனை கேட்டான்.

"மச்சான், அவ பின்னல நாகம்னு எழுதவா?"

"அது எல்லாரும் எழுதுறதுதான்லா. வெள்ளக்காரக் கவிஞனுங்க கிரேக்கக் கதையிலதான் கை வைப்பாங்க. அதுல ஒருத்திக்குத் தல முழுக்கப் பாம்பு. அவள எழுது, அசந்துருவா."

அந்தப் பாம்புத் தலைக்காரியைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"கிரேக்கத்துப் பாம்புக் கூந்தல் அழகியே" என்று தொடங்கிய கவிதையை இன்று தர்ஷினியிடம் நீட்டினான். அவள் ஆங்கில இலக்கியம் படிக்கிறவள். நிதானமாகப் படித்து முடித்தாள்.

"என் மூஞ்சியப் பாத்தா கல்லாயிருவியா? எங்க, பாரு."

பார்த்தான். அசையவே இல்லை. அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் படம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது குகனிடமிருந்து மெசேஜ்: "அவ ஏன்டா கோவிச்சுக்கிட்டா? மன்னிப்புக் கவிதைக்கு வேற கிரேக்க ஆள் யாராச்சும் சொல்லு மச்சான்."

பெற்ற தாயையே கல்யாணம் செய்த ராஜாவா, பெற்ற பிள்ளைகளைக் கொன்ற தாயா?

சீக்கிரம் கமெண்டில் சொல்லுங்கள். பாவம், பேனாவோடு காத்திருக்கிறான்.