வருத்தம் என்றால்

கனடாவுக்கு அகதியாய் வந்த புதிதில் நான் வேலை செய்த புவாண்ட்-கிளேர் கிடங்கிற்கு, ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரு சென்னைக்காரர் வருவார். மெலிந்த மனிதர். வயதான தொழிலாளர்கள் அடுத்த ஆண்டுக்குக் கம்பனி தரும் மேலதிக மருத்துவக் காப்புறுதியைத் தெரிவுசெய்யத் தமிழில் விளக்குவார். எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

அன்று ஒரு பெரியவர், "தம்பி, எனக்கு வருத்தம் கிடக்கு" என்றார்.

"ஊரை விட்டு வந்தா வருத்தம் இருக்கத்தானே செய்யும், ஐயா" என்று கையைத் தட்டிக்கொடுத்தவர், படிவத்தில் ஆகக் குறைந்த காப்புறுதியைக் குறித்தார்.

நான் குறுக்கிட்டேன். "அண்ணை, எங்கட ஆக்களுக்கு வருத்தமெண்டால் நோய்."

உடனே திருத்தினார். பெரியவரின் கையை மட்டும் விடவில்லை.

"போன வருஷமும் நிறைய பேர் வருத்தம்னு சொன்னாங்களே," என்றார் என்னிடம். "எல்லாருக்கும் ஆறுதல் சொல்லி அனுப்பிட்டேனே."