மாப்பிள்ளை நின்ற கேட்

என் வீட்டுக்காரருக்கு வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது "முடியாது" என்பதுதான். பைக்கைக் கேட்டால் சாவியை நீட்டுவார். விசேஷ வீட்டில் ஆள் குறைகிறதென்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறப் போய்விடுவார். இப்படிப்பட்ட மனிதருக்கு ரயில்வேயில் கேட் கீப்பர் வேலை. அதுவும் சுற்றிச் சுற்றி எங்கெங்கோ இருந்துவிட்டு, கடைசியில் என் பிறந்த ஊர் கேட்டுக்கே மாற்றலாகி வந்து சேர்ந்தார்.

திண்டுக்கல்லில் இருந்து திருச்சிப் பக்கம் போகும் இரட்டைத் தண்டவாளம் எங்கள் ஊருக்குக் குறுக்கே போகிறது. வீடுகள் ஒரு பக்கம், மெயின் ரோடு மறுபக்கம். பள்ளிக்கூட வேன், பால் வண்டி, அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகிற மினி லாரி, எல்லாம் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஊரில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம். அதனால் இவர் ஊருக்கே மாப்பிள்ளை. மாமனார்களும் மச்சான்களும் இரண்டு பக்கமும் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்க, நடுவில் கையில் கொடியோடு மாப்பிள்ளை நிற்பதை நினைத்துப் பாருங்கள். வேறு ஊர்க்காரன் என்றால் இரண்டு அதட்டுப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான்.

அப்போதெல்லாம் எங்கள் கேட்டுக்கும் சிக்னலுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஸ்டேஷனில் இருந்து போன் வரும். இவர் கேட்டை மூடிவிட்டு, மூடியாயிற்று என்று சொல்வார். அந்த வாய் வார்த்தையை நம்பித்தான் ரயிலுக்கு வழி கொடுப்பார்கள். சொன்ன பிறகு கேட்டைத் திறந்துவிட்டாலும் ஸ்டேஷனில் இருப்பவருக்குத் தெரியாது. ரயில் ஓட்டி வருகிறவருக்கும் தெரியாது. ரயில் வந்து சேர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் அடித்துக்கொள்வார்கள்.

"மாப்ளே, செத்த தொறங்க. ஆடெல்லாம் வெயில்ல வதங்குது."

"மச்சான், ஒத்த வண்டி தான. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிருவேன்."

எங்கள் வீடு கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டிருந்தேன். கேட் மணி அடித்துவிட்டால் என் கால் பெடலில் நின்றுவிடும். ரயில் முழுசாகப் போய்விட்டது என்று காதில் விழுந்த பிறகுதான் ஜாக்கெட்டில் அடுத்த தையல் விழும். இவர் யாருக்காவது இரக்கப்பட்டுத் திறந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு ஒரு வியாதி மாதிரியே ஆகிவிட்டது.

பயந்தது ஒரு சந்தை நாளில் நடந்தது. ஆடுகளோடு வந்த என் பெரியப்பா கையெடுத்துக் கும்பிட, இவர் திறந்துவிட்டார். லாரி தண்டவாளத்தின் மேல் ஏறியதும் நின்றுபோனது. ஸ்டார்ட் ஆகவில்லை. நின்றவர்களெல்லாம் ஓடிப்போய்த் தள்ளினார்கள், இவரும் தள்ளினார். வண்டி அந்தப் பக்கம் இறங்கி, இவர் கேட்டை மூடி, கொடியைக் கையில் எடுப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் முன்னால் சோற்றையும் வெஞ்சனத்தையும் வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"ஊருக்கு நல்லவரா இருந்து ஜெயிலுக்குப் போங்க. நான் அங்கயே சோறு கொண்டாரேன்."

"உங்க பெரியப்பா கும்பிடுறாரு. அம்புட்டு வயசான மனுசன் கும்பிட்டா நான் என்னத்தப் பண்ண?" என்றார். சோற்றில் கை வைக்கவே இல்லை.

பெரியப்பா வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே அவர் மகன் கேட்டில் நின்று "மச்சான், செத்த தொறங்க" என்றான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரோஷம் அவ்வளவுதான்.

ஊரில் வெகு நாளாகப் பாலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாலம் வரவில்லை. ஒரு நாள் சில ஆட்கள் வந்து தண்டவாளத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டி ஒயர் பதித்தார்கள். கேட் ரூமுக்குள் ஒரு இரும்புப் பெட்டியை மாட்டினார்கள். டீக்கடையில் ஒரே கேலி. "பாலங் கேட்டா பொட்டியக் குடுத்துருக்கான்" என்றார்கள். பாலத்துக்கு ஆகிற செலவில் அது ஒரு மூலைக்குக்கூட வராது என்பது உண்மைதான்.

ஆனால் அந்தப் பெட்டி செய்த வேலை இதுதான். கேட்டை மூடிப் பூட்டி, சாவியைப் பெட்டியில் போட்டுத் திருப்பினால்தான் சிக்னல் பச்சையாகும். பச்சை விழுந்துவிட்டால், ரயில் கேட்டைத் தாண்டிப் போகும்வரை பெட்டி சாவியைத் திருப்பித் தராது. கேட் திறந்து கிடந்தால் சிக்னல் சிவப்பாகவே இருக்கும், ரயில் தூரத்திலேயே நின்றுவிடும். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எங்கள் வீட்டு பீரோவில் இருப்பதைவிடக் கொஞ்சம் புத்திசாலியான பூட்டு, அவ்வளவுதான்.

முதல் வாரம் யாரும் நம்பவில்லை. மாப்பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இவர் சந்தேகப்பட்ட மச்சான் ஒருவனிடம், "இந்தா, சாவிய நீயே சுத்திப் பாரு" என்றார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். அதன்பிறகு கெஞ்சல் குறைந்தது. இவர் முகம் மாறியதைத்தான் நான் கவனித்தேன். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போடுவதை நிறுத்தினார். இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினார். "முடியாது" என்று சொல்ல வேண்டிய கஷ்டம் அவருக்கு இல்லாமல் போயிற்று. பெட்டியே சொல்லிவிடுகிறது. ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் நான்தான். மெஷினில் உட்கார்ந்தால் கேட் மணி அடிப்பதுகூடக் காதில் விழாத அளவுக்கு எனக்கு நிம்மதி வந்துவிட்டது.

போன வருஷம் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் புருஷனுக்குத் திருப்பூரில் வேலை. டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே, ஒரு மத்தியானம் அவளுக்கு வலி கண்டுவிட்டது. பனிக்குடமும் உடைந்துவிட்டது. பெரியப்பா மகன்தான் ஆட்டோவைக் கொண்டுவந்தான். இவர் அப்போது கேட்டில் டூட்டியில் இருந்தார். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது.

மதுரைக்குப் போகும் எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போனது. ஆட்டோ ஸ்டார்ட் ஆனது. எங்களைச் சுற்றி நின்ற வண்டிகளும் உறுமின. கேட் உயரவில்லை. மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. மகள் என் தோளைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, "அம்மா, முடியலம்மா" என்று அலறினாள். நான் இறங்கி ஓடினேன்.

"ஏங்க, தொறங்க! புள்ள துடிக்கிறா, செத்த தொறங்க!"

இத்தனை வருஷம் எந்தப் பேச்சைக் கேட்டு ஊரையே திட்டினேனோ, அதே பேச்சு. அவர் ஏற்கெனவே பெட்டிக்கு முன்னால்தான் நின்றிருந்தார். இரண்டு கையாலும் சாவியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"சுத்த மாட்டேங்குதுடி!"

"ஒடைங்க அந்தச் சனியன!" என்றேன். சந்தனம் வைத்த பெட்டியைத்தான் சொன்னேன். பக்கத்தில் கிடந்த கம்பியை நானே எடுக்கக் குனிந்தேன்.

அப்போது இரண்டாவது தண்டவாளத்தில், மதுரைப் பக்கத்தில் இருந்து, இன்னொரு ரயில் வந்தது. சரக்கு வண்டி. வந்த வேகத்தில் கேட் ரூம் கதவு அதிர்ந்தது. பெட்டி பெட்டியாக அது போய்க்கொண்டே இருந்தது. நான் குனிந்த நிலையிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அது போனதும் பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். சாவி வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது. கேட் உயர்ந்தது. பெரியப்பா மகன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஆட்டோவை ஓட்டினான். அவன் இரண்டு பக்கமும் பார்த்து ஓட்டியதை அன்றுதான் பார்த்தேன். இருட்டுவதற்கு முன் பேத்தி பிறந்துவிட்டாள். சுகப்பிரசவம்.

மாற்று ஆள் கிடைக்காமல் மறுநாள் காலைதான் டூட்டி முடிந்து இவர் பிளாஸ்க்கோடு வார்டுக்கு வந்தார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பூட்டு இல்லாட்டி நேத்து தொறந்திருப்பீங்களா?"

குழந்தையின் முகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "தொறந்திருப்பேன்."

"ரெண்டாவது வண்டி வருதுன்னு போன்ல சொல்லலையா?"

"சொன்னாங்க. நானும் சரின்னேன். புள்ள கத்துனதும் அம்புட்டும் மறந்துபோச்சு."

அவரைத் திட்டுவதற்கு எனக்கு எப்போதும் வார்த்தைப் பஞ்சம் வந்ததில்லை. அன்று மட்டும் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். தூக்கம் கலைந்து குழந்தையும் வீறிட்டது. நர்ஸ் பதறிப்போய் ஓடி வந்து, "என்னம்மா, என்னாச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலம்மா. எல்லாரும் இருக்கோம்" என்றேன்.